செம்மண் களமும் பிரட்டுக் களமும்

மராட்டிய மாநிலத்தின் தெற்கே, பஞ்சகங்கை ஆற்றங்கரையில் அமைந்த நகரம் கோலாப்பூர். மகாலட்சுமி கோயிலைக் கொண்டும் தோற்செருப்பைக் கொண்டும் அதனை அறிந்தவர்கள் நம்மில் பலர். அந்நகருக்கு மூன்றாவது அடையாளம் ஒன்றும் உண்டு. அது மல்யுத்தம். பழைய நகரின் தெருக்களில் 'தாலீம்' என்று அழைக்கப்படும் மல்யுத்தக் கூடங்கள் இன்றும் இயங்குகின்றன. கங்காவேஷ், மோதிபாக், ஷாஹுபுரி ஆகியன அவற்றுள் பெயர் பெற்றவை. கிராமங்களிலிருந்து வரும் சிறுவர்களும் இளைஞர்களும் இக்கூடங்களிலேயே தங்கி, அங்கேயே சமைத்து உண்டு, ஆசானின் கண்காணிப்பில் ஆண்டுக்கணக்கில் பயில்கிறார்கள்.

ஜப்பானின் சூமோக் கூடங்களைப் பற்றி உலகமே அறியும். அதிகாலைப் பயிற்சியைக் காண்பதற்கென்றே தோக்கியோவுக்குச் செல்லும் பயணிகள் இருக்கிறார்கள். அதற்கு நெருங்கிய உறவுடைய ஒரு வாழ்க்கைமுறை நமக்கு அண்மையிலேயே இருக்கிறது என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. 2023 ஜனவரியில் அலுவல் நிமித்தம் மும்பைக்குச் சென்றிருந்த நான், இரண்டு நாள் ஓய்வு கிடைத்ததும் மகாலட்சுமி எக்ஸ்பிரஸில் ஏறிக் கோலாப்பூர் சென்றேன். அங்கே நாளிதழொன்றில் பணியாற்றும் மராட்டிய நண்பர் ஒருவர் ஏற்பாடுகளைச் செய்திருந்தார். பேச்சை மொழிபெயர்த்துத் தந்தவரும் அவரே.

நாங்கள் அந்தத் தாலீமின் வாசலில் செருப்பைக் கழற்றியபோது மணி நாலரை. நல்ல குளிர். ஊவா மலையில் பிறந்து வளர்ந்த எனக்கே காதை மூடிக்கொள்ளத் தோன்றியது. உள்ளே ஓட்டுக்கூரையின் கீழ் பள்ளமான ஒரு சதுரக் களம். அதில் செம்மண். சுவரில் அனுமன் படம். அதனருகே ஷாஹு மகாராஜாவின் படமும், மீசை முறுக்கிய பழைய மல்லர்களின் மங்கிப்போன புகைப்படங்களும்.

பயிற்சி தண்டாலில் தொடங்கும் என்று எண்ணியிருந்தேன். அது மண்வெட்டியில் தொடங்கியது. இளையவர்கள் நாலைந்து பேர் களத்தில் இறங்கி, முதல் நாள் மிதிபட்டு இறுகிக் கிடந்த மண்ணை ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை கொத்திப் புரட்டினார்கள். இது களத்தைத் தயாரிக்கும் வேலை மட்டுமன்று, தோளுக்கும் இடுப்புக்கும் அதுவே முதற் பயிற்சி என்று நண்பர் விளக்கினார். அந்த மண்ணும் வெறும் மண்ணன்று. மோரும் எண்ணெயும் மஞ்சளும் எலுமிச்சைச் சாறும் கற்பூரமும் கலந்து பக்குவப்படுத்திய மண். அது புரண்டபோது எழுந்த மணம், அடுப்படிக்கும் கோயிலுக்கும் இடைப்பட்டது.

மண்வெட்டி உயர்ந்து தாழ்வதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் தோட்டத்து முள்ளுக்குத்து நினைவுக்கு வந்தது. தேயிலைச் செடிகளுக்கிடையே முள்ளைக் குத்தி மண்ணைப் புரட்டும் அந்த வேலையில் ஈடுபடும் ஆண்களின் தோளும் முதுகும் அசைவதும் இப்படித்தான். ஒரே அசைவு. இங்கே அந்த அசைவு உடலைக் கட்டுகிறது. அங்கே நாற்பத்தைந்து வயதுக்குள் உடலை முடித்துவிடுகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அன்று காலை முழுவதும் என்னை விடவில்லை.

மண் புரண்டு சமமானதும் தண்டும் பைட்டக்கும் தொடங்கின. தண்டு என்பது நாம் அறிந்த தண்டால். பைட்டக் என்பது உட்கார்ந்தெழுதல். எண்ணிக்கை நூறு நூறாகப் போகிறது. எவரும் வாய்விட்டு எண்ணுவதில்லை. மூச்சின் ஓசையும், பாதம் தரையில் பதியும் ஓசையும், தொடையில் கை தட்டும் ஓசையுமே கேட்கின்றன. ஒரு பக்கத்தில் இருவர் கயிற்றைப் பிடித்துக் கூரை வரை ஏறி இறங்கினார்கள். இன்னொருவர் கனத்த மரக் கர்லாக்கட்டையைத் தலைக்குப் பின்னால் சுழற்றினார். பனி விலகாத அந்த நேரத்தில் அவர்களின் உடல்களிலிருந்து ஆவி எழுந்தது.

பிறகு பிடி. இருவர் இருவராகக் களத்தில் இறங்கினார்கள். இறங்குமுன் மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். எதிரில் நிற்பவனின் தோளிலும் மார்பிலும் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பூசினார்கள். வியர்வையில் கை வழுக்காமலிருக்க அது தேவை. அதில் ஒருவகை மரியாதையும் இருக்கிறது. மூத்தவன் இளையவனைப் பத்து முறை வீழ்த்துகிறான். இளையவன் பத்து முறையும் எழுந்து அதே பிடிக்குள் போகிறான். வஸ்தாத் எனப்படும் ஆசான் களத்தின் ஓரத்தில், கையில் ஒரு பிரம்புடன், கம்பளி போர்த்தி அமர்ந்திருந்தார். அதிகம் பேசவில்லை. ஒரு பையனின் கால் தவறான இடத்தில் ஊன்றியபோது பிரம்பு நுனியால் அந்தக் காலைத் தொட்டார். பையன் காலை மாற்றினான். அவ்வளவுதான்.

சூமோக் கூடத்தின் காலையும் இப்படியே என்று படித்திருக்கிறேன். அங்கே ஹேயா என்பது கூடமும் வீடும் சேர்ந்தது. கீழ்நிலை வீரர்கள் விடியுமுன் எழுந்து, வெறும் வயிற்றோடு களத்தில் இறங்குவார்கள். உயர்நிலை வீரர்கள் சற்றுப் பிந்தி வருவார்கள். குளியலும் உணவும் தர வரிசைப்படியே. ஆறு தரங்களுள் மேலிரண்டு தரங்களை எட்டும் வரை மாதச் சம்பளம் கிடையாது. ஆனால் சேர்ந்த நாளிலிருந்தே உணவும் உறைவிடமும் கூடத்தின் பொறுப்பு. இறைச்சியும் மீனும் காய்கறியும் பெரும் பானையில் கொதிக்கும் சாங்கோ என்ற உணவு, பயிற்சியின் தொடர்ச்சியாகவே கருதப்படுகிறது. சம்பளமில்லாத கடைநிலை வீரனும் வயிறு நிறைய உண்ண வேண்டும் என்பது அந்த அமைப்பின் சட்டம்.

கோலாப்பூரிலும் பயிற்சி முடிந்ததும் எல்லோரும் அடுப்பங்கரைக்கே சென்றார்கள். பெரிய கல்லுரலில் பாதாம் பருப்பையும் கசகசாவையும் இட்டு, ஆளுயர மரக்கட்டையால் அரைத்து, பாலில் கலக்கினார்கள். தண்டாய் என்கிறார்கள் அதை. ஒவ்வொரு பையனும் ஒரு பெரிய செம்பு நிறையக் குடித்தான். மூலையில் நெய்த் தகரங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அவை அந்தந்தப் பையனின் வீட்டிலிருந்து வந்தவை. சிலரின் தந்தையர் சிறு விவசாயிகள், சிலரின் தந்தையர் கூலிகள். மகன் ஒருவன் மல்லனாக வேண்டும் என்பதற்காக ஒரு குடும்பம் எருமையை விற்காமல் வைத்திருக்கிறது. இன்னொரு குடும்பம் கடன் வாங்குகிறது. சில ஊர்களில் ஊரே சேர்ந்து ஒரு பையனுக்குக் கொடுக்கிறது.

வஸ்தாத் எங்களையும் உட்காரச் சொல்லி ஆளுக்கொரு செம்பு கொடுத்தார். நான் எந்த ஊர் என்று கேட்டார். இலங்கை என்றேன். பதுளைக்குப் பக்கத்தில் ஹாலிஎல என்ற சிற்றூர், தேயிலை விளையும் மலை என்று நண்பர் விரித்துச் சொன்னார். "அங்கே பையன்கள் மல்யுத்தம் செய்வதுண்டா?" என்றார் அவர். இல்லை என்றேன். கிரிக்கெட்டும் கரப்பந்தும் விளையாடுவார்கள், முன்பெல்லாம் திருவிழாக்களில் சிலம்பம் சுற்றுவார்கள் என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"என்ன சாப்பிடுவார்கள்?"

கோதுமை மா றொட்டி, சம்பல், சோறு, பருப்பு, மரக்கறி என்றேன்.

"பால்?"

தேநீரில் கொஞ்சம், அதுவும் எல்லா வீட்டிலும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. உலகத்துக்குத் தேயிலை கொடுக்கும் மலையில் பாலில்லாத சாயத் தண்ணீரையே பலர் குடிக்கிறார்கள் என்பதை நண்பர் எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. வஸ்தாத் தலையசைத்தார். "நான் பிடி கற்றுக்கொடுக்கிறேன். உடம்பை நான் கொடுப்பதில்லை. அதை வீடு கொடுக்க வேண்டும், வீட்டால் முடியாவிட்டால் ராஜா கொடுக்க வேண்டும்" என்றார்.

ராஜா என்று அவர் சொன்னது வெறும் உவமையன்று. கோலாப்பூரின் மல்யுத்தம் ஓர் அரசர் ஊட்டி வளர்த்தது. 1894 முதல் 1922 வரை ஆண்ட ஷாஹு மகாராஜா தாமே களத்தில் இறங்கிப் பிடித்தவர். பஞ்சாபிலிருந்து பெரும் மல்லர்களை வரவழைத்து ஆதரித்தார். பல்லாயிரம் பேர் அமர்ந்து பார்க்கக்கூடிய காஸ்பாக் மைதானம் 1912இல் அவர் கட்டி முடித்தது. ஐரோப்பா சென்றபோது ரோமில் கண்ட வட்டரங்கின் நினைவில் அதை அமைத்தார் என்று சொல்வார்கள். மறுநாள் காலை அந்த மைதானத்தின் படிகளில் ஏறி நின்று பார்த்தேன். எந்தப் படியில் அமர்ந்தாலும் நடுவிலுள்ள மண் களம் மறைவதில்லை.

இதே அரசர்தான் 1902 ஜூலை 26ஆம் திகதி, தம் அரசின் பதவிகளில் நூற்றுக்கு 50ஐப் பின்தங்கிய வகுப்பாருக்கு ஒதுக்கி ஆணை பிறப்பித்தவர். பல சாதி மாணவர்களுக்கும் விடுதிகள் அமைத்தவர். கங்காராம் காம்ப்ளே என்ற தலித் ஒருவர், அரண்மனைப் பணியில் இருந்தபோது தண்ணீரைத் தொட்டதற்காக அடிக்கப்பட்டார். ஷாஹு அவருக்குப் பணம் கொடுத்து நகரத்தில் ஒரு தேநீர்க் கடை வைக்கச் செய்தார். எவரும் அங்கே தேநீர் குடிக்க வரவில்லை என்று அறிந்ததும், தம் பரிவாரத்தோடு அக்கடை வாசலில் நின்று தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார். எங்கள் மலைத் தேயிலையைப் பற்றி எத்தனையோ கதைகளைக் கேட்டிருக்கிறேன். தேநீரைக் கொண்டு இத்தனை பெரிய காரியத்தைச் செய்த கதையை வேறெங்கும் கேட்டதில்லை.

மல்யுத்தமும் இடஒதுக்கீடும் விடுதியும் தேநீரும் ஷாஹுவின் வாழ்க்கையில் தனித்தனிச் செய்திகளாகவே எழுதப்படுகின்றன. ஆனால் அந்தத் தாலீமில் உட்கார்ந்து பார்க்கும்போது எனக்கு அவை ஒரே செய்தியாகத் தெரிந்தன. ஏழை வீட்டுப் பிள்ளையின் உடலும் பேணத் தக்கது என்று ஓர் அரசு ஏற்றுக்கொண்டதே அந்தச் செய்தி.

அதன் விளைச்சலை அவர் மறைந்து 30 ஆண்டுகளுக்குப் பிறகு உலகம் கண்டது. சாத்தாரா மாவட்டத்தின் கோலேஷ்வர் என்ற சிற்றூரில் 1926இல் பிறந்த காஷாபா ஜாதவ், கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி மாணவர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆறாம் இடம் பெற்றார். 1952இல் ஹெல்சிங்கிக்குச் செல்லப் பணமில்லை. ஊரார் வீடு வீடாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். கல்லூரி அதிபர் கார்திகர் தம் வீட்டை அடகு வைத்து 7000 ரூபாய் கொடுத்தார். ஜாதவ் வெண்கலப் பதக்கத்தோடு திரும்பினார். சுதந்திர இந்தியாவின் முதலாவது தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்த தனிநபர் பதக்கத்துக்கு நாடு 1996 வரை காத்திருந்தது. ஊர் எல்லையில் அவரை வரவேற்க நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகள் வந்து நின்றனவாம். காவல்துறையில் பணியாற்றிய அவர் 1984இல் வீதி விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது இறந்த பின்னரே வந்தது.

அந்த 1948ஆம் ஆண்டு நமக்கும் மறக்க முடியாதது. அதே லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடை ஓட்டத்தில் டங்கன் வைட் வெள்ளி வென்று, இலங்கைக்கு முதலாவது பதக்கத்தைக் கொண்டுவந்தார். அதே ஆண்டு நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. ஜாதவின் ஊரார் ஒரு பையனைக் கடல் கடந்து அனுப்பக் காசு சேர்த்த காலத்தில், எங்கள் ஊரார் தாம் எந்த நாட்டவர் என்று நிறுவக் காகிதம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மல்யுத்தம் தமிழருக்குப் புதியதன்று. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழன், முக்காவனாட்டு ஆமூர் மல்லனை வீழ்த்திய காட்சியைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அதே கிள்ளியைப் பற்றி நக்கண்ணையார் பாடிய பாடல்களும் அடுத்தடுத்து உள்ளன. அவற்றுள் ஒன்றில், கூழுண்டும் பெருத்த தோளை உடையவன் அவன் என்று அவர் வியக்கிறார். பல்கலைக்கழகத்தில் இப்பாடலைப் படித்தபோது நாங்களும் வியந்தோம். அது ஒரு காதலியின் வியப்பு. அரசும் நிர்வாகமும் அதைக் கொள்கையாக்கிக்கொள்ள முடியாது. கூழுண்டு பெருந்தோள் வளர்வதில்லை. எங்கள் மலையில் இரு நூற்றாண்டுகளாக இந்த வியப்பை நம்பியே தோட்டங்கள் நடந்திருக்கின்றன. றொட்டியும் சாயத் தண்ணீரும் உண்டவனால் மலையேறவும் மண் புரட்டவும் முடிகிறதல்லவா, பிறகென்ன என்ற எண்ணம் அது.

தோட்டத்திலும் விடியலில் ஆட்கள் கூடுகிறார்கள். அதற்குப் பிரட்டு என்று பெயர். முன்னாளில் தப்படித்து எழுப்புவார்கள். இருள் விலகுமுன் பிரட்டுக் களத்தில் வந்து நிற்க வேண்டும். கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிடுவார். இன்னாருக்கு இன்ன மலை என்று பிரித்து அனுப்புவார். பிந்தி வந்தவருக்கு வேலையில்லை என்று திருப்பி அனுப்பிய காலமும் உண்டு. மாலையில் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். தாலீமின் ஒழுங்கும் பிரட்டின் ஒழுங்கும் வெளிப்பார்வைக்கு ஒன்றே. வரிசை, மௌனம், மேலே ஒருவர் கையில் பிரம்பு. வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது. தாலீமில் உடலிடமிருந்து வாங்கியதை அன்றே பாலும் நெய்யுமாகத் திருப்பிக் கொடுக்கிறார்கள். பிரட்டில் வாங்குவது மட்டும் நடக்கிறது.

இதற்குச் சான்று எண்ணிலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உயரத்தை அளந்தது. வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றிய பிள்ளைகள் இலங்கை முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதிகளில் நூற்றுக்கு 32 பேர். மூன்றில் ஒரு பிள்ளை என்றே கொள்ளலாம். இந்த ஆய்வு 2022இன் பொருளாதார நெருக்கடிக்கு முந்தியது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். குன்றுதல் பரம்பரையால் வருவதென்று தோட்டத்துரைமார் ஒரு காலத்தில் சொல்வதுண்டு. தாயின் வயிற்றில் இருக்கும் காலமும் பிறந்த முதல் இரண்டு ஆண்டுகளுமே அதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது இன்று மருத்துவம் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட உண்மை. அந்தக் காலத்தில் இழந்த உயரத்தைப் பிறகு எந்தத் தண்டாலும் மீட்டுத் தராது.

தாயின் வயிறு என்று சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் கண்ட அந்தத் தாலீமில் பெண்கள் எவரும் இல்லை. பழைய செம்மண் களங்கள் பலவற்றின் வழக்கம் அது. சூமோவின் வட்டக் களமும் பெண்களுக்கு மூடப்பட்டதே. 2018 ஏப்ரலில் மைசூரு என்ற ஜப்பானிய நகரில் களத்தின் மேல் மயங்கி விழுந்த மேயருக்கு முதலுதவி செய்ய ஏறிய பெண்களையே கீழிறங்கச் சொன்னார்கள். அது பெரும் கண்டனத்துக்குள்ளாகி, சங்கத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். உடல் வலிமை ஆணுக்குரியது என்ற எண்ணம் இவ்விரு மரபுகளிலும் ஆழப் பதிந்திருக்கிறது. எங்கள் மலைக்கு வந்து பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. அங்கே தலையில் கயிற்றை மாட்டி, முதுகில் கூடையைச் சுமந்து, வழுக்கும் சரிவில் நாள் முழுவதும் ஏறி இறங்குபவள் பெண். விடியுமுன் எழுந்து றொட்டி சுட்டு, எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, மிஞ்சியதை உண்பவளும் அவளே. குன்றிய பிள்ளையைப் பெறுபவளும் அவளே.

தாலீமை நான் பொற்காலமாகக் காட்ட விரும்பவில்லை. அங்கே பயிலும் பையன்களுள் பெரும்பாலோருக்குப் பதக்கம் கிடைப்பதில்லை. சிலருக்குக் காவல்துறையிலோ ரயில்வேயிலோ வேலை கிடைக்கும். சிலர் ஊர்த் திருவிழாப் பந்தயங்களில் பரிசுப் பணத்துக்காகப் பிடித்துக் காலம் கழிப்பார்கள். முழங்கால் கெட்டு, காது மடல் நசுங்கி, 30 வயதில் வயலுக்குத் திரும்புவோரும் உண்டு. பையன் ஒருவனின் உணவுக்கு மாதந்தோறும் ஆகும் தொகையை வஸ்தாத் சொன்னார். எங்கள் தோட்டத் தொழிலாளியின் அன்றைய மாதச் சம்பளத்தைவிட அது அதிகம். அதை ஏழைக் குடும்பங்கள் தனியே தாங்குவது நியாயமன்று. ராஜா இல்லாத காலத்தில் ராஜாவின் இடத்தில் அரசு நிற்க வேண்டும் என்று வஸ்தாதும் குறைப்பட்டுக்கொண்டார்.

ஹாலிஎலயில் ஒரு மல்யுத்தக் களம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பையன்களும் பெண் பிள்ளைகளும் எதை விளையாடுவதென்று அவர்களே தீர்மானிப்பார்கள். அதற்கு முன்னதாகக் கிடைக்க வேண்டியதைக் கேட்கிறேன். கர்ப்பிணிக்குக் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷாப் பொதி ஒரு மாதமும் தவறக்கூடாது. பிள்ளைக்காம்பராவில் விடப்படும் குழந்தைக்கு நாள்தோறும் ஒரு முட்டையும் ஒரு கோப்பைப் பாலும் வேண்டும். பாடசாலையின் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடக் கூடாது. இவை தொழிற்சங்க மேடைகளில் கைதட்டல் பெறும் கோரிக்கைகள் அல்ல. சம்பளப் பேச்சுவார்த்தையின் நிகழ்ச்சி நிரலிலும் இவற்றுக்கு இடமில்லை. ஆகவே பத்திரிகைக்காரர்களாவது திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது.

தோட்டத்தில் கொழுந்தைப் பகலில் பல முறை நிறுக்கிறார்கள். ஒரு கிலோ குறைந்தாலும் உடனே தெரிந்துவிடுகிறது, அன்றே கணக்கில் ஏறிவிடுகிறது. பிள்ளையின் நிறையும் அட்டையில் மாதந்தோறும் குறிக்கப்படுகிறது. அது குறைந்தால் யாருடைய பேரில் பாதியை வெட்டுவது என்பதற்கு மட்டும் இன்றுவரை சட்டமில்லை.